இரண்டு பட்டியல், ஒரு வால்: கேள்வி-பதில்

வரிசையாக இருக்கும் லிங்க்டு லிஸ்ட்களை வரிசை குலையாமல் ஒன்றாக இணைப்பது பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இம்முறை பதில். லிங்க்டு லிஸ்ட் என்பது கணுக்களின் சங்கிலி; ஒவ்வொரு கணுவிலும் ஒரு மதிப்பும், அடுத்த கணுவைக் காட்டும் "நெக்ஸ்ட்" என்ற சுட்டும் இருக்கும். நிரலை அனுப்பாமல் "வேலை செய்யவில்லை" என்று ஒற்றை வரி எழுதியவர்கள் மன்னிக்க வேண்டும். எனக்கு ஜோதிடம் தெரியாது.

கேள்வி: பைத்தானில் லிஸ்ட் இருக்கிறதே, அதுவும் லிங்க்டு லிஸ்ட்தானே? கூட்டல் குறி போட்டால் இணைந்துவிடாதா?

லிங்க்டு லிஸ்ட் அல்ல. அது நீளக்கூடிய அணி. கூட்டல் குறி ஒன்றின் பின்னால் இன்னொன்றை ஒட்டுமே தவிர, வரிசை பார்க்காது. ஒட்டியபின் சார்ட் செய்துகொள்ளுங்கள். அதற்குப் பின்னால் இருப்பது 2002இல் டிம் பீட்டர்ஸ் பைத்தானுக்காக எழுதிய டிம்சார்ட். அது ஏற்கெனவே வரிசையாக இருக்கும் துண்டுகளைக் கண்டுபிடித்து இணைப்பதில் கெட்டிக்காரர். இரண்டு துண்டுதான் என்றால் ஏறக்குறைய ஒரே நடையில் முடித்துவிடும். பரீட்சைக்கோ நேர்முகத் தேர்வுக்கோ அல்லாமல் உண்மையான வேலைக்காகக் கேட்டிருந்தால், உங்களுக்கு இதற்குமேல் தேவையில்லை.

கேள்வி: தொடக்கத்தில் ஒரு போலிக் கணு வைக்கிறார்களே, எதற்கு?

"இதுதான் முதல் கணுவா?" என்று ஒவ்வொரு சுற்றிலும் கேட்காமலிருக்க. முடிவில் போலியின் நெக்ஸ்ட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். போலியையே அனுப்பிவிட்டு, "விடையின் முன்னால் ஒரு பூஜ்யம் எங்கிருந்தோ வருகிறது" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். எங்கிருந்தோ அல்ல, போலிக் கணுவில் நீங்கள் வைத்ததுதான்.

கேள்வி: பாடப் புத்தகத்தில் இருந்த ஆறு வரி ரிகர்ஷன் (ஃபங்ஷன் தன்னையே அழைக்கும்) முறையை அப்படியே பைத்தானில் எழுதினேன். ஐந்து எண்களுக்கு அழகாக ஓடுகிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்தால் பிழை காட்டி நிற்கிறது. வரம்பை உயர்த்தலாமா?

உயர்த்தாதீர்கள். இதே கேள்விக்கு எத்தனையாவது முறையாகப் பதில் எழுதுகிறேனோ, தெரியவில்லை. அந்த ஆறு வரியை "நேர்த்தி" என்று புகழாத பாடமே இல்லை. ஐந்து கணுக்களை வைத்துப் பார்த்தால் எதுதான் நேர்த்தியாக இருக்காது?

நடப்பது இதுதான். ஒரு கணுவுக்கு ஓர் அழைப்பு. எந்த அழைப்பும் தனக்கு உள்ளே இருப்பது முடியும்வரை அடுக்கில் காத்துக் கிடக்கும். இப்படிக் காத்திருக்கும் அழைப்புகளுக்குப் பைத்தானின் இயல்பான வரம்பு 1000. ஆகவே ஐந்நூறு ஐந்நூறாக இரண்டு பட்டியல் கொடுத்தாலே கழுத்துக்கு வந்துவிடும். வரம்பை இஷ்டத்துக்கு உயர்த்தினால், பிடித்துச் சமாளிக்கக்கூடிய பிழைக்குப் பதிலாக முழு நிரலுமே சொல்லாமல் கொள்ளாமல் விழக்கூடும். "வால் அழைப்பை, அதாவது ஃபங்ஷனின் கடைசி வேலையாக வரும் அழைப்பை, அடுக்கு வளராமல் சுருக்கும் மொழியில் எழுதினால் தப்பிக்கலாமே" என்று ஒருவர் வாதாடியிருக்கிறார். தப்பிக்க முடியாது. உள்ளழைப்பு திரும்பிய பிறகுதானே நெக்ஸ்ட்டில் எழுதுகிறீர்கள்? அப்படியானால் அது வால் அழைப்பே இல்லை.

லூப் போடுங்கள். ஒரு பட்டியலில் 1, 4, 9. இன்னொன்றில் 2, 3. வால், அதாவது இதுவரை சேர்ந்த விடையின் கடைசிக் கணுவைக் காட்டும் சுட்டு, போலிக் கணுவில் நிற்கிறது. 1, 2 இரண்டில் 1 சிறியது. வாலில் சேர்த்து, வாலை அதன்மேல் நகர்த்துங்கள். அடுத்து 4, 2: இரண்டாவது பட்டியலிலிருந்து 2. பிறகு 4, 3: 3. இரண்டாவது பட்டியல் தீர்ந்தது. இப்போது 4ஐ வாலில் மாட்டினால் போதும், 9 அதன் பின்னாலேயே வந்துவிடும். மிச்சத்தை ஒவ்வொன்றாக நகர்த்த இன்னொரு லூப் எழுதுகிறவர்கள், லிங்க்டு லிஸ்ட் தரும் ஒரே சலுகையையும் வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கிறார்கள். புதிய கணு எதுவும் உருவாகவில்லை, அடுக்கும் வளரவில்லை. பத்து லட்சம் கணுக்களுக்கும் இதே லூப்தான்.

எழுதியதும் முதலில் காலிப் பட்டியலோடு ஓட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் காலி, இரண்டும் காலி என இரு விதமாகவும்.

கேள்வி: சோதனைக்காக ஒரே பட்டியலை இரண்டு இடத்திலும் கொடுத்தேன். நிரல் நிற்கவே இல்லை.

நிற்காது. 1, 2 என்ற பட்டியலை அதனோடே இணைப்பதாக வையுங்கள். முதல் சுற்றில் 1 வாலாகிறது. முதல் சுட்டு 2க்கு நகர்கிறது. இரண்டாவது சுட்டு இன்னும் அதே 1இல்தான் நிற்கிறது. அடுத்த சுற்றில் மறுபடி 1 சிறியது என்று வாலில் சேர்க்கிறீர்கள், அதாவது 1இன் நெக்ஸ்ட் 1. அதற்குப் பிறகு அது தன்னையே சுற்றிக்கொண்டிருக்கும். இணைப்பு என்பது நகல் எடுப்பதல்ல, கொடுத்த கணுக்களையே மாற்றிக் கட்டுவது. இணைத்த பிறகு பழைய பட்டியல்களைப் பழையபடி பயன்படுத்த நினைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

கேள்வி: பட்டியலில் பூஜ்யம் வந்த இடத்தோடு இணைப்பு நின்றுவிடுகிறது.

கணு இருக்கிறதா என்று கேட்க வேண்டிய இடத்தில் கணுவின் மதிப்பைக் கேட்டிருக்கிறீர்கள். பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்ட்டிலும் பூஜ்யம் என்றால் பொய். காலிப் பட்டியலோடு மட்டுமல்ல, பூஜ்யத்தோடும் ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: சம மதிப்பு வந்தால் எதை முதலில் எடுப்பது?

முதல் பட்டியலில் உள்ளதை. "சிறியது" என்பதற்குப் பதில் "சிறியது அல்லது சமம்" என்று எழுதினால் போதும்.

கேள்வி: நூறு பட்டியல்களை இணைக்க ஹீப் (இருப்பதில் சிறியதை எப்போதும் முதலில் தரும் அமைப்பு) பயன்படுத்துகிறேன். மதிப்பையும் கணுவையும் ஜோடியாகப் போட்டேன். சில தரவுக்கு மட்டும் டைப்எரர் வருகிறது.

நிரலோடு எழுதிய ஒரே வாசகர், நன்றி. இரண்டு மதிப்புகள் சமமாகும்போது பைத்தான் ஜோடியின் அடுத்த உறுப்பை ஒப்பிடப் போகிறது. அங்கே இருப்பது கணு. எந்தக் கணு சிறியது என்று அதற்கு எப்படித் தெரியும்? நடுவில் ஒரு வரிசை எண் வையுங்கள்: மதிப்பு, எண், கணு. எண் ஒருபோதும் சமமாகாது என்பதால் ஒப்பீடு கணுவரை போகாது.

ஹீப் நல்ல தேர்வுதான். பட்டியலுக்கு ஆயிரம் வீதம் மொத்தம் ஒரு லட்சம் கணு என்று கொள்வோம். சேர்ந்த பட்டியலோடு அடுத்தது, அதோடு அடுத்தது என்று போனால் ஐம்பது லட்சம் படி நடக்க வேண்டும். ஹீப்பில் ஏழு லட்சத்தை ஒட்டி முடியும். இரண்டிரண்டாக ஜோடி சேர்த்துக்கொண்டே போனாலும் அதே ஏழு லட்சம்தான், ஹீப்பே வேண்டாம்.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்ட்டில் அணியாக்கிச் சார்ட் செய்தால் 1, 10, 2 என்று வருகிறது.

ஒப்பிடும் ஃபங்ஷன் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் எண்களை எழுத்துச் சரமாக்கித்தான் ஒப்பிடும். கையேட்டின் முதல் பத்தியைப் படியுங்கள்.

கேள்வி: பெர்லில் இருவழி லிங்க்டு லிஸ்ட். பின்னோக்கிய சுட்டுகளை, நினைவகத்தைப் பிடித்துவைக்காதபடி வீக்கன் செய்திருக்கிறேன். இணைக்கும்வரை சரியாக இருக்கிறது, இணைத்தபின் நினைவகம் ஏறிக்கொண்டே போகிறது.

இணைக்கும்போது பின்னோக்கிய சுட்டில் புதிதாக ஒன்றை எழுதுகிறீர்கள். புதிதாக எழுதியது மறுபடி வலுவான சுட்டு; முன்பு செய்த வீக்கன் அதற்குச் செல்லாது. முன்னும் பின்னும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால், ஒன்றைக் காட்டும் வலுவான சுட்டுகளின் எண்ணிக்கையை வைத்து நினைவகத்தை விடுவிக்கும் பெர்ல் இரண்டையும் விடுவிக்காது. ஒவ்வொரு முறை எழுதியதும் மீண்டும் வீக்கன் செய்யுங்கள். அல்லது அணிக்கு மாறிவிடுங்கள். பெர்லோடு வரும் கேள்வித் தொகுப்பும் பெரும்பாலான வேலைக்கு அணியே போதும் என்றுதான் சொல்கிறது.