அவர்கள் இந்திக்காரர்கள் இல்லை சார்

வணக்கம் சார். ஏற்காட்டில் உங்கள் காபித் தோட்டத்துக்கு வந்த ஜார்க்கண்ட் சந்தால் பழங்குடிக் குடும்பங்கள் ஜனவரியில் பாதிப் பறிப்பில் கிளம்பிவிடுகிறார்கள், உள்ளூர் ஆட்களோடும் ஒட்டுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். நானும் சேர்வராயன் மலையில் மேஸ்திரியாக இருந்தவன்.

அவர்களை ‘இந்திக்காரங்க’ என்கிறீர்கள். அவர்கள் வீட்டில் பேசுவது சந்தாலி. ஓல் சிக்கி என்று தனி எழுத்தே உண்டு. 2003ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தில் எட்டாவது அட்டவணைக்கு, அதாவது அரசியலமைப்பு அங்கீகரிக்கும் மொழிகளின் பட்டியலுக்கு, வந்த மொழி. தமிழ் பேசும் நம் மலையாளிப் பழங்குடியினரிடம் ‘கேரளாவா?’ என்று கேட்டால் முகம் எப்படிச் சுருங்கும்? இவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும். நாங்கள் ஒரு வருடம் வடக்கத்தியார் என்று நினைத்துச் சப்பாத்தி போட்டோம். அவர்கள் சோறு சாப்பிடுகிறவர்கள். யாருமே கேட்கவில்லை, இன்றும் எனக்கு வருத்தம்தான்.

ஜனவரி விஷயத்துக்கு வருகிறேன். அது சோஹ்ராய் காலம். நம் மாட்டுப் பொங்கல் போல மாடுகளைக் கொண்டாடும் அறுவடைத் திருநாள், அவர்களுக்கு அதுதான் பெரிய பண்டிகை. சந்தால் பகுதிகளில் பலவற்றில் பொங்கலை ஒட்டியே வரும். வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு லீவு விடுகிறோம் அல்லவா? இதற்கும் தேதியை முன்பே கேட்டு, லீவு கொடுத்து, திரும்பி வரும்வரை அவர்கள் தங்கும் லைன் வீட்டை அவர்களுக்கே வைத்திருங்கள். போகாதவர்கள் தோட்டத்திலேயே ஆடிப் பாட இடம் கொடுங்கள், உள்ளூர் ஆட்களையும் அவர்கள் வாயாலேயே கூப்பிடச் சொல்லுங்கள்.

அப்புறம் பறித்த பழத்தின் எடை. கிலோவை உரக்கச் சொல்லி, சீட்டில் அங்கேயே எழுதிக் கொடுங்கள். எங்கள் தோட்டத்தில் பாதிச் சண்டை தராசடியில்தான் தொடங்கியது.