வறுமையால் படிக்காமல் போகிறார்களா, படிக்காததால் வறுமையா?

இரண்டும்தான். ஆனால் படிக்காதவருக்கு நல்ல வேலை கிடைக்காது என்பதோடு பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். உழைத்துக் கொண்டுவந்த காசு எந்த வழியில் போகிறது என்று பார்ப்பதில்லை. நான் சென்னை காசிமேட்டில், மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் வளர்ந்தவள். அம்மா மீன் விற்றவர். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அம்மாவுக்குக் கணக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். விடியற்காலை ஏலத்தில் ஒரு கூடை சங்கராவைக் கேட்கும்போதே ஐஸ், ஆட்டோ போக எவ்வளவு நிற்கும் என்று மனசுக்குள் போட்டுவிடுவார். வாய்ப்பேச்சில் நடக்கும் வியாபாரத்தில் அவரிடம் யாராலும் ஐந்து ரூபாய் அடிக்க முடியாது. எழுத்தில் நடந்ததில்தான் ஏமாந்தார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் எங்கள் தெருவில் தண்டல், அதாவது தினம் கட்டி அடைக்கும் கடன், வாங்காத வீடு அபூர்வம். 10,000 ரூபாய் தண்டல் என்றால் கைக்கு வருவது 8,500. அப்புறம் தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். அநியாய வட்டி என்று அம்மாவுக்கும் தெரியும், வேறு வழியில்லாமல் வாங்கினார். தெரியாதது, கட்டிய பணத்தைத் தண்டல்காரர் குறிக்கும் அட்டையில் இருந்ததுதான்.

கட்டம் போட்ட மஞ்சள் அட்டை. தேதி, தொகை, ஒரு கிறுக்கல் கையெழுத்து. நான் ஏழாவது படிக்கும்போது ஒருநாள் அதை எண்ணிப் பார்த்தேன். 54 நாள் கட்டியதாக இருந்தது. அம்மா அடுப்படிச் சுவரில் கரியால் ஐந்தைந்தாகப் போட்டிருந்த கோடுகள் 63. ஒன்பது நாள் பணம், 900 ரூபாய், எழுதப்படவே இல்லை. அம்மாவின் கணக்குதான் சரி. ஆனால் சுவரைப் பெயர்த்துக்கொண்டு போய் யாரிடம் காட்டுவது? "எய்தப் படிக்கத் தெரியாதவ கணக்கு கேக்க வந்துட்டான்னு சிரிப்பானுங்கடி" என்றார். அந்த ஒன்பது நாளையும் திரும்பக் கட்டினார்.

அவர் ஏன் படிக்கவில்லை? மூத்த பெண். பாட்டி துறைமுகத்துக்குப் போனால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். 1982-இல் சத்துணவுத் திட்டம் வந்தபோது அவருக்கு 13 வயது, கூடை தூக்க ஆரம்பித்துவிட்டார். உலகத்தில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பெண்கள் என்று யுனெஸ்கோ சொல்லும்போது எனக்கு அம்மா முகம்தான் வரும்.

எங்கள் பக்கம் முதியோர் வகுப்பும் நடந்தது, சாயங்காலம் ஏழு மணிக்கு. இரவு இரண்டு மணிக்கு எழுந்து ஏலத்துக்குப் போகிறவர் அந்த நேரத்தில் எப்படி உட்காருவார்? நாலு நாள் போனார், 'அணில், ஆடு' வரை வந்தார், நின்றுவிட்டார். 1990-களில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அவர்களுக்கு அன்றாடம் வேண்டியதோடு சேர்த்துக் கொடுத்தார்கள், அதனால் பிடித்துக்கொண்டார்கள்.

நான் அம்மாவுக்கு அந்த அட்டையை வைத்தே சொல்லிக்கொடுத்தேன். முதலில் எண், அப்புறம் தேதி, அப்புறம் அவர் பெயர். மத்தியானம் கூடை காலியான பிறகு அரைமணி நேரம். இப்போது அடகுக் கடையில் ரசீதை வாங்கினால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கெடு தேதியைச் சத்தமாகப் படிப்பார். படித்து முடித்த பிறகுதான் கடைப்படி இறங்குவார்.