பேனலில் பிங் ஆகும் சுவிட்ச், சர்வரில் ஏன் டைம்-அவுட்?

கேள்வி: ஆலையின் கண்ட்ரோல் பேனல்களில் உள்ள மேனேஜ்டு சுவிட்சுகளை ரிங்காக இணைத்திருக்கிறோம். எல்லாவற்றிலும் எஸ்என்எம்பி (நெட்வொர்க் கருவிகளின் நிலையைத் தொலைவிலிருந்து கேட்டறியும் முறை) வெர்ஷன் 2சி-யை ஆன் செய்தேன். பேனலில் லேப்டாப்பைச் செருகினால் பிங் ஆகிறது. ஆனால் மானிட்டரிங் சர்வரில் சில சுவிட்சுகள் டைம்-அவுட் காட்டுகின்றன. ட்ராப்பும் (சுவிட்ச் தானாக அனுப்பும் எச்சரிக்கை) வரவில்லை. வெர்ஷன் 3-க்கு மாற வேண்டுமா?

மாறத்தான் வேண்டும், ஆனால் டைம்-அவுட்டுக்கு அது மருந்தல்ல. முதலில் அந்தச் சுவிட்சுகளில் டீஃபால்ட் கேட்வே (வேறு நெட்வொர்க்குக்குப் போகும் வழி) இருக்கிறதா என்று பாருங்கள். பிஎல்சி (இயந்திரங்களை இயக்கும் கண்ட்ரோலர்) பக்கத்து நெட்வொர்க்குக்குள் கேட்வே இல்லாமலே எல்லாம் ஓடும் என்பதால், அதை நிரப்பாமல் விட்டுவிடுவது வழக்கம். சர்வர் வேறு சப்நெட்டில் (ஐபி முகவரிப் பிரிவில்) இருந்தால் கேள்வி போய்ச் சேரும், பதில் திரும்பாது. கேட்வே சரி என்றால் கம்யூனிட்டி ஸ்ட்ரிங்கை (2சி-யில் பாஸ்வேர்டு போல இருக்கும் சொல்) சரிபாருங்கள். அது தவறாக இருந்தால் 2சி பிழை எதுவும் சொல்லாமல் மௌனமாக இருந்துவிடும். நடுவில் ஃபயர்வால் யுடிபி 161-ஐத் தடுத்தாலும் இதே டைம்-அவுட்தான்.

ட்ராப் தனிக் கதை. சர்வரின் ஐபியைச் சுவிட்சில் ட்ராப் பெறும் முகவரியாகத் தனியே கொடுக்க வேண்டும். சர்வரில் யுடிபி 162 திறந்திருக்க வேண்டும். விண்டோஸ் சர்வர் என்றால், அதன் சொந்த ட்ராப் சர்வீஸே அந்தப் போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கலாம்.

அப்புறம் வெர்ஷன். 2சி-யில் கம்யூனிட்டி ஸ்ட்ரிங் மறைவின்றி அப்படியே கேபிளில் போகிறது. வெர்ஷன் 3-இல் ஆத்-ப்ரிவ் நிலையை (அடையாளச் சரிபார்ப்பும் மறையாக்கமும் சேர்ந்தது) எடுத்து, அவற்றுக்கு முறையே ஷா, ஏஇஎஸ் தேர்ந்தெடுத்து, படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். 'பப்ளிக்', 'பிரைவேட்' என்ற டீஃபால்ட் கம்யூனிட்டி ஸ்ட்ரிங் இரண்டையும் நீக்கிவிடுங்கள். எழுதும் அனுமதி இருந்தால், யாரோ ஒரு போர்ட்டை அணைத்து லைனையே நிறுத்தலாம். இன்னொன்று: வெர்ஷன் 3-இன் பாஸ்வேர்டு சாவி, அந்தந்தச் சுவிட்சின் எஞ்சின் ஐடியோடு (அதன் தனி அடையாள எண்) சேர்த்து உருவாகிறது. பழுதான சுவிட்சை மாற்றி, பழைய கான்ஃபிகை ஏற்றிய பிறகு லாகின் மறுக்கப்பட்டால், அந்த யூசரை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள்.

எதைக் கண்காணிப்பது? பலர் டிராஃபிக் கிராஃபோடு நின்றுவிடுகிறார்கள். ரிங்கில் ஒரு கேபிள் அறுந்தாலும் டேட்டா மறுபக்கம் சுற்றிப் போய்விடும். இரண்டு பவர் இன்புட்டில் ஒன்று செத்தாலும் சுவிட்ச் ஓடும். உற்பத்தி நிற்காததால் யாரும் கவனிக்க மாட்டார்கள், அடுத்த பழுது வரும்வரை. ரிங் நிலையும் பவர் நிலையும் பெரும்பாலும் தயாரிப்பாளரின் தனி எம்ஐபி-யில்தான் (சுவிட்சிடம் எவற்றைக் கேட்கலாம் என்ற பட்டியல் கோப்பு) கிடைக்கும். அந்தக் கோப்பை மாடலுக்கும் ஃபர்ம்வேருக்கும் பொருந்துவதாகப் பார்த்து சர்வரில் ஏற்றுங்கள். ட்ராப்பை மட்டும் நம்ப வேண்டாம். அது வழியில் தொலைந்தாலும் சுவிட்சுக்குத் தெரியாது. ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை போலிங்கும் (சர்வரே சுவிட்சிடம் நிலையைக் கேட்பது) வையுங்கள்.

முடித்ததும் கான்ஃபிகை சேவ் செய்யுங்கள்; பல மாடல்களில் 'அப்ளை' மட்டும் கொடுத்தால் ரீபூட்டில் எல்லாம் போய்விடும். பிறகு பராமரிப்பு நேரத்தில், இரண்டாவது இன்புட்டில் உண்மையிலேயே வோல்டேஜ் இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்துவிட்டு, முதல் இன்புட்டைக் கழற்றுங்கள். சர்வரில் அலாரம் வர வேண்டும்.