ஜான்ஸ்டன் கேன்யன்: மார்ச்சா, ஜூனா?

வணக்கம்.

கால்கரியில் இருக்கிறோம். தென்காசியிலிருந்து அப்பாவும் அம்மாவும் மார்ச் நடுவில் வருகிறார்கள், ஆகஸ்ட் வரை இருப்பார்கள். அப்பாவுக்கு 70 வயது, நன்றாக நடப்பார். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஏறிவிடுவார், இறங்குவதுதான் பாடு. பையனுக்கு நான்கு வயது. பான்ஃப் தேசியப் பூங்காவில், மலையிடுக்கில் இருக்கும் ஜான்ஸ்டன் கேன்யன் அருவிகளைக் காட்ட ஆசை. உறைந்த அருவியைப் பார்க்க மார்ச்சிலேயே போய்விடலாமா, ஜூன் வரை பொறுக்கலாமா? தள்ளுவண்டி போகுமா? அருவி என்றதும் அப்பா துண்டை எடுத்து வைத்துவிட்டார். அவருக்கு என்ன சொல்வது?

– ச., கால்கரி

அன்புள்ள ச.,

துண்டு வீட்டிலேயே இருக்கட்டும். குற்றாலத்துக்காரரிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான், ஆனால் இது தலையைக் கொடுக்கிற அருவி இல்லை. பனி உருகி வருகிற தண்ணீர், கோடையிலும் கை விறைக்கும். தவிர, மே 1 முதல் நவம்பர் 15 வரை பாதையை விட்டு இறங்கவே தடை. மீறினால் 25,000 டாலர் வரை அபராதம். சாரல் விழும் பாறை இடுக்குகளில் கறுப்பு உழவாரன் குருவி பாசியால் கூடு கட்டுகிறது. ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும் என்பதால் இவ்வளவு கெடுபிடி.

அம்மாவையும் பையனையும் ஜூனில் அழைத்துப் போங்கள். மார்ச்சில் போவதானால் நீங்களும் அப்பாவும் மட்டும்.

தூரம் ஒரு பொருட்டே இல்லை. கீழ் அருவி 1.2 கிலோமீட்டர், மேல் அருவி 2.5 கிலோமீட்டர், இரண்டும் ஒரு வழிக் கணக்கு. மேல் அருவி வரை மொத்த ஏற்றம் ஏறத்தாழ 120 மீட்டர். மார்ச்சில் ஆளைத் தள்ளுவது தரைதான். குளிர்காலம் முழுக்க ஆட்கள் மிதித்து இறுகிய பனி, பகலில் லேசாக இளகி இரவில் மறுபடி உறையும். மலையிடுக்கில் வெயில் அதிகம் இறங்காததால் அது கரைந்தும் போகாது, கண்ணாடி போலாகிவிடும். ஏறும்போது உடம்பு முன்னால் சாய்ந்திருப்பதால் அவ்வளவாகத் தெரியாது. இறங்கும்போது குதிகால் முதலில் ஊன்றும், அங்கேதான் சறுக்கும். உங்கள் அம்மாவுக்கு முடியாததும் அதே இறக்கம்தான்.

அப்பாவுக்கு மைக்ரோஸ்பைக் கட்டாயம். ரப்பர் வாரில் சங்கிலியும் எஃகுப் பற்களும் கோத்தது; பான்ஃப் ஊரில் வாடகைக்குக் கிடைக்கும். சுருள் கம்பி சுற்றிய மலிவான வகை நடைபாதைக்குச் சரி, சரிவில் பிடிக்காது. அவர் போடப்போகும் பனிக்காலச் சப்பாத்தோடு கடையிலேயே மாட்டிப் பார்க்க வேண்டும். அளவு சிறியதானால் குதிகாலில் ரப்பர் நழுவும், பெரியதானால் சங்கிலி பக்கவாட்டில் புரண்டு பல் தரையில் படாது. நடை தொடங்குமிடத்தில் உட்கார்ந்தே மாட்டுங்கள். நடுவே வெறும் தரை தெரிகிறதே என்று கழற்றுபவர்கள்தான் அடுத்த வளைவில் விழுகிறார்கள். ஊன்றுகோல் எடுத்தால் நுனியிலுள்ள ரப்பர் மூடியைக் கழற்றிவிடுங்கள். மூடியோடு ஊன்றினால் கோலும் சேர்ந்து வழுக்கும். இந்தச் சிரமத்துக்கு மேல் அருவி ஈடு கட்டும். ஏறத்தாழ 30 மீட்டர் பாறைச் சுவர் பனிக்கட்டியாகத் தொங்க, அதில் கயிறு கட்டி ஏறுகிறவர்களையும் பார்க்கலாம். ஆனால் மார்ச் கடைசி ஆகிவிட்டால் கட்டி உடைய ஆரம்பிக்கும். வந்த வாரமே போய்விடுங்கள்.

ஜூனில் கதையே வேறு. பனி உருகி ஓடை நிறைந்து வரும் மாதம் அது. பாறையில் அறைந்த இரும்புப் பாலங்களில் நடக்கும்போது காலடியிலேயே தண்ணீர் இரையும். தள்ளுவண்டி வேண்டாம், பாலங்களில் எதிரே வருபவருக்கு ஒதுங்கவே இடம் குறைவு. பையன் நடக்கட்டும், கைப்பிடிக் கம்பியில் மட்டும் ஏற விடாதீர்கள்.

கீழ் அருவியில் பாறையைக் குடைந்த சிறு சுரங்கம் இருக்கிறது. குனிந்து போனால் அருவிக்கு நேர் எதிரே, சாரலுக்குள் வெளிவருவீர்கள். ஓரிரண்டு பேர்தான் நிற்க முடியும் என்பதால் பத்து மணிக்கு மேல் வரிசை நீளும். அப்பாவுக்குத் துண்டின் குறை இங்கே கொஞ்சம் தீரும், மழைக்கோட்டு கொண்டுபோங்கள்.

அம்மாவின் முழங்காலை இங்கே கேட்டு முடிவெடுங்கள். இதற்கு மேல் ஏற்றம் கூடுகிறது, ஏறியதையெல்லாம் இறங்கியாக வேண்டும். தொடர்ந்தால், மேல் அருவியின் அடிவாரப் பாலத்தோடு அவர் நின்றுகொள்ளலாம். உச்சிப் பார்வை மேடைக்குப் போகும் செங்குத்தான பகுதியை நீங்கள் ஏறிவிட்டு வாருங்கள். அவர் காத்திருக்கும் இடத்துக்கு அருகே ஒரு பாறை மெழுகு வழிந்து உறைந்தாற்போல் இருக்கும், காட்டுங்கள். சுண்ணாம்பு கலந்த நீரிலிருந்து பாசி கரியமில வாயுவை உறிஞ்ச, கரைந்திருந்த சுண்ணாம்பு படிந்து உண்டானது அது. இன்னமும் வளர்கிறது.

இங்க் பாட்ஸ் ஊற்றுகள் இந்த முறை வேண்டாம். ஒரு வழியே கிட்டத்தட்ட ஆறு கிலோமீட்டர்.

கழிப்பறைக்கு நடை தொடங்குமிடத்திலேயே போய்விடுங்கள். கைபேசியில் சிக்னல் இருக்கும் என்று நம்ப வேண்டாம். கோடையில் வண்டி நிறுத்துமிடம் காலை ஒன்பது, பத்துக்குள் நிரம்பிவிடும். எட்டுக்குள் வர முடியாவிட்டால் மாலை ஐந்துக்கு மேல் வாருங்கள், ஜூனில் ஒன்பதரை வரை வெளிச்சம் உண்டு. பான்ஃபில் தங்கினால் ‘ரோம்’ (Roam) என்ற உள்ளூர்ப் பேருந்தின் 9ஆம் தடம் வாசலிலேயே இறக்கிவிடும்.

வழி விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கேன்யன் இருப்பது போ வேலி பார்க்வே என்ற சாலையில். அதன் கிழக்குப் பகுதி, சுமார் 17 கிலோமீட்டர், சமீப ஆண்டுகளாக மே 1 முதல் ஜூன் 25 வரை சைக்கிள்களுக்கு விடப்படுகிறது; கார் போகாது. செப்டம்பரிலும் அப்படியே. அந்தத் தேதிகளில் கால்கரியிலிருந்து வந்தால் பான்ஃப் தாண்டி நெடுஞ்சாலையிலேயே காசில் ஜங்ஷன் வரை போய், அங்கே பார்க்வேயில் கிழக்கே திரும்புங்கள். ஆறேழு கிலோமீட்டரில் வந்துவிடும்.