பின்மனிதவாதம் என்றால் என்ன? ‘ஆறறிவு உள்ளவன் மனிதன்’ என்ற விளக்கம் இனிச் செல்லாதா?

என் மகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் இரவு இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டாள். மறுநாள் தமிழ்த் தேர்வு. புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு என்று போகும் தொல்காப்பியப் பட்டியலை உருப்போட்டுக்கொண்டிருந்தவள், விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். “அம்மா, ராத்திரியில் எனக்கு எத்தனை அறிவு?”

அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மூன்று வயதில் காக்ளியர் இம்ப்ளாண்ட், அதாவது உள்காதில் கம்பியைச் செலுத்தி நரம்பை மின்சாரத்தால் தூண்டும் கருவி, பொருத்தினோம். பகலில் கேட்கும். இரவில் கருவியைக் கழற்றி வைத்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. தொல்காப்பியர் அடுக்கும் வரிசையில் உடம்பால் உணர்வது முதல் அறிவு. பிறகு நாக்கு, மூக்கு, கண். ஐந்தாவது செவி, ஆறாவது மனம். ஐந்தாம் படி இல்லாமலே ஆறாம் படியில் நிற்கிற ஒருத்திக்கு அந்த ஏணியில் எங்கே இடம் என்பதுதான் அவளுடைய சந்தேகம். தேர்வில் அதெல்லாம் வராது என்று சொல்லிச் சமாளித்தேன். இத்தனைக்கும் நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறவள். முதுகலைப் பாடத்திட்டத்தில் பின்மனிதவாதத்துக்கென்று ஓர் அலகே இருக்கிறது. ஆண்டுதோறும் குறிப்பைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு போய் நடத்திவிட்டு வருவேன். அந்தத் தத்துவம் கேட்பதும் இதைத்தான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

பெயரால் வரும் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். ‘ஹியூமனிசம்’ என்ற சொல்லை மனிதநேயம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். வெள்ளத்தில் சிக்கியவருக்குச் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோவது மனிதநேயம். அதனோடு பின்மனிதவாதத்துக்கு எந்தப் பகையும் கிடையாது. மனிதனே எல்லாவற்றுக்கும் அளவுகோல், பகுத்தறிவு அவனை மற்ற உயிர்களிலிருந்து தனியே பிரித்து மேலே வைத்திருக்கிறது என்று ஐரோப்பாவில் மறுமலர்ச்சிக் காலத்திலிருந்து வேரூன்றிய ஓர் எண்ணம் உண்டு. மனிதமையவாதம் என்று அதை அழைக்கலாம். பின்மனிதவாதம் கேள்வி கேட்பது அதைத்தான். வட்டத்துக்கும் சதுரத்துக்கும் நடுவே கைகால்களை விரித்து நிற்கும் ஓர் ஆண் உருவத்தை லியனார்டோ டா வின்சி 1490 வாக்கில் வரைந்தார். மருத்துவமனைச் சுவர்களில்கூட அதைப் பார்த்திருப்பீர்கள். ரோசி பிரைடாட்டி என்ற தத்துவவாதி 2013இல் வெளியிட்ட நூலில் அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டார். மனிதன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அங்கே நிறுத்தியிருப்பது ஓர் ஆணை, ஒரு வெள்ளையரை, உடலில் எந்தக் குறையும் இல்லாதவரை. மற்றவர்களெல்லாம் அந்த உருவத்துக்கு எவ்வளவு கிட்டத்தில் வருகிறார்கள் என்று அளந்து பார்க்கப்பட்டவர்கள்.

இதைச் சிந்தித்த முதல் ஆள் பிரைடாட்டி அல்லர். கடற்கரை மணலில் வரைந்த முகம் அலையில் அழிவதுபோல ‘மனிதன்’ என்ற கருத்தும் ஒருநாள் அழியக்கூடும் என்று பிரெஞ்சுத் தத்துவவாதி மிஷெல் ஃபூக்கோ 1966லேயே எழுதி ஒரு புத்தகத்தை முடித்தார். மனித இனம் அழியும் என்று அவர் சொன்னதாகச் சில மாணவர்கள் தேர்வுத்தாளில் எழுதிவைப்பார்கள். அவர் சொன்னது அந்தக் கருத்தைப் பற்றி. அது அண்மைக்காலத்தில் உருவானது, ஆகவே போகவும் கூடும் என்பது அவர் வாதம்.

இன்னொரு குழப்பம், ரோபோ. பின்மனிதவாதம் என்றதும் மூளையில் சில்லு பதிப்பது, சாகாமல் இருப்பது, நினைவையெல்லாம் கணினிக்கு ஏற்றுவது என்று கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு டிரான்ஸ்ஹியூமனிசம் என்று பெயர். ஜூலியன் ஹக்ஸ்லி என்ற உயிரியலாளர் 1957இல் அதே தலைப்பில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். லியனார்டோவின் அந்த ஆளையே இன்னும் வலுவாக, இன்னும் கெட்டிக்காரனாக ஆக்குவதுதான் அதன் கனவு. அளவுகோலைக் கேள்வி கேட்பதில்லை, இன்னும் நீளமாக்கித் தருகிறது. அமெரிக்க இலக்கிய ஆய்வாளர் கேதரின் ஹெய்ல்ஸ் 1999இல் எழுதிய நூல், மனத்தை உடம்பிலிருந்து உருவி எந்திரத்தில் ஊற்றிவிடலாம் என்ற இந்த நினைப்பைத்தான் குடைகிறது. உடம்பு வெறும் பாத்திரம், உள்ளே இருப்பதுதான் நாம் என்று எண்ணுவதே பழைய மனிதமையவாதத்தின் மிச்சம் என்பார் அவர். எனக்கு அவரைப் பிடிக்கும். நடை மட்டும் கரடுமுரடு.

சைபோர்க் என்ற சொல் பிறந்தது 1960இல், விண்வெளிப் பயணத்துக்கு மனித உடலை எந்திரத்தோடு இணைப்பது பற்றிய ஒரு கட்டுரையில். அமெரிக்கச் சிந்தனையாளர் டானா ஹாராவே 1985இல் அதைப் பெண்ணியத்துக்குள் இழுத்து வந்தார். மனிதனுக்கும் விலங்குக்கும், உயிருக்கும் எந்திரத்துக்கும் நடுவே போட்ட வேலியெல்லாம் ஏற்கெனவே சரிந்து கிடக்கிறது, நாம் எல்லோருமே கலப்புகள் என்றார். இதை வகுப்பில் ஒரு மணி நேரம் ஆவேசமாக நடத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், என் மகளின் காது பீரோக் கதவில் ஒட்டிக்கொண்டிருக்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கருவியின் வெளிப்பகுதியில் வட்டமாக ஒரு காயில் உண்டு. தோலுக்கு அடியில் இருக்கும் பகுதியோடு காந்தத்தால் அது கவ்விக்கொள்ளும். பள்ளி விட்டு வந்து, இரைச்சல் போதும் என்று தோன்றினால் கழற்றிப் பீரோவில் ஒட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள். விருந்தாளிகள் அதைப் பார்த்து விழிப்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

கேட்கிறது என்று நாம் சொல்வதும் அவளுக்குக் கேட்பதும் ஒன்றல்ல. நம் செவி நரம்பில் ஏறத்தாழ 30,000 இழைகள் இருக்கின்றன. அவள் காதுக்குள் சுருண்டு கிடக்கும் கம்பியில் இருப்பவை 22 மின்முனைகள். ஒலியை, வெளியே மாட்டியிருக்கும் பிராசஸர் 22 பங்காகப் பிரித்து நரம்பைத் தட்டுகிறது. மற்றதையெல்லாம் மூளை கற்றுக்கொள்ள வேண்டும். சுவிட்ச் ஆன் செய்த அன்று அவள் அலறி என் மடியில் புதைந்துகொண்டாள். “அம்மா என்ற குரல் கேட்டதும் சிரிக்கும்” என்று காணொளிகளைப் பார்த்துவிட்டு வந்திருந்த எனக்கு அது பெரிய அடி. பிறகு பல ஆண்டுகள், தினமும் காலையில் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு “ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம்” என்று ஒவ்வோர் ஒலியாகச் சொல்வேன், கேட்டதும் அவள் வளையத்தைக் குச்சியில் போடுவாள். ‘ஸ்’ மட்டும் வெகு நாள் பிடிபடவில்லை. மேப்பிங்குக்குப் போய் மின்முனைகளின் அளவை மாற்றி வந்த பிறகுதான் ஒருநாள் அந்த வளையம் விழுந்தது. கேட்பது என்பது பிறக்கும்போதே உள்ளே வைத்து அனுப்பப்படும் புலன் என்று நினைத்திருந்தேன். ஒரு கம்பி, ஒரு மென்பொருள், ஒரு பேட்டரி, ஒரு தாயின் பிடிவாதம், ஒரு குழந்தையின் சலிப்பு எல்லாம் சேர்ந்துதான் அந்த ‘ஸ்’ கேட்டது.

இவ்வளவுதான் என்றால் இதை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்லிவிட்டுப் போகலாம். ஹாராவேயைப் படித்தவள் என்ற தெம்பு கரைந்த இடம் வேறு. பேச்சுப் பயிற்சிக்குப் போன இடத்தில் முதல் நாளே கண்டிப்பாகச் சொன்னார்கள்: “சைகை காட்டாதீர்கள். காட்டினால் பேச்சு வராது.” குழந்தைக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரலை வாயருகே கொண்டுபோவாள். நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, “தண்ணீர் என்று சொல், அப்போதுதான் தருவேன்” என்பேன். மாதக்கணக்கில் அப்படிச் செய்தேன்.

பின்னால்தான் இதன் வரலாற்றைப் படித்தேன். விலங்குகளில் மனிதனுக்கு மட்டுமே ‘லோகோஸ்’ உண்டு என்றார் அரிஸ்டாட்டில். பேச்சு, பகுத்தறிவு இரண்டையும் குறிக்கும் சொல் அது. ஒன்று இல்லையென்றால் மற்றதும் இல்லை என்று உலகம் எடுத்துக்கொள்ள வசதியாகப் போயிற்று. 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் தொகுத்த ரோமானியச் சட்டத்தின்படி, பிறவியிலேயே செவியும் பேச்சும் அற்றவர் உயில் எழுத முடியாது. 1880இல் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வி பற்றிய மாநாடு ஒன்று கூடியது. வந்திருந்தவர்கள் ஏறத்தாழ அனைவரும் காது கேட்பவர்கள். சைகையைவிட வாய்ப்பேச்சே உயர்ந்தது, பள்ளிகளில் அதையே பின்பற்ற வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதன் பிறகு பல நாடுகளில் பிள்ளைகளின் கைகள் கட்டிப்போடப்பட்டன, காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். சைகைக்கும் முழுமையான இலக்கண அமைப்பு உண்டு என்று அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் ஸ்டோக்கி 1960இல் காட்டினார். மிலான் தீர்மானத்துக்கு அந்த மாநாட்டின் வழிவந்தவர்கள் வான்கூவரில் வருத்தம் தெரிவித்தது 2010இல். என் வீட்டுச் சமையலறையில் நான் பிடித்து இறக்கிய கை அந்த 130 ஆண்டுக் கதையின் ஒரு சிறு கிளை.

அமெரிக்காவில் குழந்தைகளுக்கு இந்தக் கருவி 1990இல் அனுமதிக்கப்பட்டபோது அங்குள்ள காது கேளாதோர் தேசியச் சங்கம் அடுத்த ஆண்டே அதைக் கண்டித்து அறிக்கை விட்டது. முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. கேட்கும் வாய்ப்பை யாராவது வேண்டாம் என்பார்களா? இப்போது அவர்கள் தரப்பு எனக்குப் புரிகிறது. ‘இவர்களிடம் ஏதோ குறை இருக்கிறது’ என்று தீர்ப்பு எழுதிய பிறகுதான் கருவியே வருகிறது. அந்தத் தீர்ப்பை எழுதியது யார் என்று அவர்கள் கேட்டார்கள். கருவி பொருத்தியதற்காக நான் வருந்தவில்லை. நாளை மறுபடி முடிவெடுக்கச் சொன்னாலும் பொருத்துவேன். கையை இறக்கியதற்கு வருந்துகிறேன்.

தொல்காப்பிய ஏணிக்கு வருகிறேன். “எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது” என்று மார்தட்டுவது என் வேலை இல்லை. அந்த நூற்பாக்களிலேயே இரண்டு இடங்கள் என்னைத் தூங்கவிடுவதில்லை. ஒன்று, “மாவும் மாக்களும் ஐயறி வினவே”. மா என்றால் விலங்கு. மாக்கள் மனிதர்கள்தாம், ஆனால் பகுத்தறிவில் குறைந்தவர்கள் என்று உரை சொல்வார்கள். ஆக, மனித உருவில் இருந்தும் விலங்கின் படியில் நிறுத்தப்பட்டவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். மற்றது, மக்களுக்கு ஆறறிவு என்று சொன்ன கையோடு வரும் “பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே”. வேறு சிலவும் அந்தக் கிளையில் உண்டு என்று கதவை ஒருக்களித்தே வைத்திருக்கிறார். ஒரே இடத்தில் சிலரைக் கீழே தள்ளும் வேலையும் நடக்கிறது, கதவைத் திறந்து வைக்கும் வேலையும் நடக்கிறது. பள்ளிப் புத்தகம் நமக்குப் படியை மட்டும் மனப்பாடமாகக் கொடுத்தது.

இரண்டு ஆண்டுக்கு முன் வகுப்பில் நான் மனிதனைத் தாண்டிச் சிந்திப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பின் வரிசையில் ஒரு மாணவர் எழுந்தார். “மேடம், எங்கள் தெருவை ஊரில் இன்னும் மனிதர்கள் வாழும் தெருவாகவே எண்ணுவதில்லை. அதற்குள் தாண்டச் சொன்னால் எப்படி?” என்றார். வகுப்பு அடங்கிப்போயிற்று. ஆடுமாடுகள் குடித்த, மகாராஷ்டிராவின் மஹாட் ஊர்க் குளத்தின் தண்ணீரைத் தொடுவதற்கே 1927இல் அம்பேத்கர் ஒரு போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. சாதியின் ஏணியில் தலித்துகள் விலங்குக்கும் கீழே வைக்கப்பட்டிருந்தார்கள். ஜமைக்காவைச் சேர்ந்த சிந்தனையாளர் சில்வியா வின்டர் இந்த இடத்தில்தான் எனக்குக் கைகொடுத்தார். ஐரோப்பா வரைந்த ‘மனிதன்’ மனிதராக இருப்பதில் ஒரு வகை மட்டுமே, அந்த ஒரு வகையே மொத்தமும் என்று உட்கார்ந்துகொண்டதுதான் சிக்கல் என்பது அவர் வாதம். மாணவருக்கு அதைச் சொன்னேன். “அப்படியென்றால் தலைப்பை மாற்றுங்கள் மேடம்” என்றார். அவர் சொன்னது நியாயம். ‘பின்’ என்ற முன்னொட்டு, எல்லோரும் ஒரு நிலையத்தைக் கடந்து வந்துவிட்டது போன்ற தோற்றத்தைத் தருகிறது. ஹாராவேக்கே அந்தச் சொல் பிடிக்காமல் போய், தன்னைப் பின்மனிதவாதி என்று சொல்லாதீர்கள், நாமெல்லாம் மக்கிய உரம் என்று 2016இல் எழுதினார். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது சட்டென்று புரிகிறது.

மனிதனல்லாதவற்றோடு நமக்குள்ள பிணைப்பு பற்றி நிறையச் சொல்லலாம், ஒன்று மட்டும் சொல்கிறேன். கருவில் நஞ்சுக்கொடி உருவாவதற்குத் தேவையான ஒரு புரதத்தின் மரபணு, பல லட்சம் தலைமுறைகளுக்கு முன் நம் மூதாதையருக்குள் புகுந்து தங்கிவிட்ட ஒரு வைரஸிடமிருந்து வந்தது. கருவியால்தான் என் மகள் கலப்பாகிவிட்டாள் என்று யாராவது சொன்னால், அவளைச் சுமந்த நானும் சுத்தச் சரக்கு இல்லை என்று பதில் வைத்திருக்கிறேன்.

கலப்புக்கு விலையும் உண்டு என்பதை இந்தத் தத்துவக்காரர்கள் போதிய அளவு பேசுவதில்லை. விழித்திரையில் பொருத்தும் ‘ஆர்கஸ் 2’ என்ற கருவியைச் செய்த அமெரிக்க நிறுவனம் 2020இல் தள்ளாடியபோது, கண்ணுக்குள் அந்தக் கருவியோடு இருந்தவர்கள் பழுது பார்க்க ஆளின்றி நின்றார்கள். சென்ற ஆண்டு எங்களுக்கும் ஒரு கடிதம் வந்தது: மகளின் பிராசஸர் மாடலுக்கு இனி உதிரிபாகம் கிடைக்காது, புதியது வாங்கிக்கொள்ளுங்கள். விலை லட்சங்களில். உடம்பின் ஒரு பகுதிக்கு உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது என்று தபாலில் வருவது விசித்திரமான அனுபவம். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் போட்டிருக்கிறோம்.

அவளுக்கு இப்போது பதினைந்து வயது. பள்ளிப் பஸ்ஸில் வரும் இரண்டு காது கேளாத தோழிகளிடமிருந்து சைகை மொழி கற்றுக்கொண்டாள், என்னிடம் அனுமதியெல்லாம் கேட்கவில்லை. பேசுகிறாள், பாட்டுக் கேட்கிறாள், சண்டை போடுகிறாள். கருவியைக் கழற்றிய பிறகு வீட்டில் அவள் மொழிதான் நடக்கும். அதில் நான் மந்தம். கட்டைவிரலை எந்தப் பக்கம் திருப்புவது என்று சலித்துக்கொண்டே திருத்துவாள். நேற்று இரவு கருவியை ஈரம் உறிஞ்சும் டப்பாவில் போட்டு மூடிவிட்டுப் பள்ளிக்கூடத்துக் கதை எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். தூங்கும் நேரமாயிற்று என்று நான் பழக்கதோஷத்தில் விளக்கை அணைத்துவிட்டேன். இருட்டில் அவள் எழுந்து போவது தெரிந்தது. விளக்கைப் போட்டாள், என்னை ஒரு முறை முறைத்தாள், விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தாள்.