பாடம் படகுத்துறையிலேயே தொடங்கட்டும்

கேள்வி: ஏழாம் வகுப்பு மாணவர்கள் நாற்பது பேரை, பறவைகள் சரணாலயமாக இருக்கும் ஒரு தீவுக்கு ஒரு நாள் அழைத்துப்போகிறோம். போன முறை வெறும் உல்லாசப் பயணமாகவே முடிந்துவிட்டது. வனவிலங்குப் பாதுகாப்பு அவர்கள் மனதில் பதிய என்ன செய்யலாம்? – ஓர் அறிவியல் ஆசிரியர்

பதில்: தீவில் இறங்கிய பிறகு பாடம் எடுக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். படகில் ஏறும் முன்பே தொடங்கிவிடுங்கள். ஒவ்வொருவரும் தன் பையைக் கொட்டிப் பார்க்கட்டும். பக்கத்தில் இருப்பவரின் ஷூ அடிப்பகுதியைச் சோதிக்கட்டும். பள்ளங்களில் ஒட்டிய மண், சாக்ஸில் சிக்கிய புல் விதை, சாப்பாட்டுப் பையில் ஊரும் எறும்பு என்று ஏதாவது கட்டாயம் கிடைக்கும். எதற்கு இவ்வளவு கெடுபிடி என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்த பிறகு விளக்குங்கள்.

எலி, பூனை, கீரி போன்றவை இல்லாத தீவுகளில் பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த பறவைகளுக்கு அவற்றிடமிருந்து தப்பத் தெரியாது. தரையில் கூடு கட்டும். சில இனங்கள் பறக்கும் திறனையே இழந்துவிட்டன. மொரீஷியஸ் தீவின் டோடோ 17ஆம் நூற்றாண்டில் அழிந்ததற்கு மனிதர்கள் மட்டும் காரணமல்ல, கப்பல்களில் வந்த எலியும் பன்றியும் குரங்கும் சேர்ந்தே காரணம். 1500க்குப் பிறகு உலகில் அழிந்த பறவை இனங்களில் பெரும்பாலானவை தீவுகளில் வாழ்ந்தவை. எலிகளை ஒழித்த ஒரு தீவில் சினையான ஒரே ஒரு எலி இறங்கினாலும் அத்தனை உழைப்பும் வீணாகிவிடும். இப்போது அந்தப் பைச் சோதனையின் அர்த்தம் அவர்களுக்குப் புரியும்.

ஆனால் அழிவோடு நிறுத்திவிடாதீர்கள். இந்த வயதுப் பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள். நியூசிலாந்தின் சாத்தம் தீவுகளில் வாழும் கருப்பு ராபின் பறவையைப் பற்றிச் சொல்லுங்கள். 1980இல் உலகிலேயே ஐந்து பறவைகள்தான் மிச்சம். அவற்றில் குஞ்சு பொரித்து வளர்க்கக்கூடிய பெண் ஒன்றுதான், அதற்கு ‘ஓல்ட் புளூ’ என்று பெயர். அது இட்ட முட்டைகளை எடுத்து வேறொரு இனப் பறவையின் கூட்டில் வைத்தார்கள். முட்டை போனதும் ராபின் மறுபடியும் முட்டையிட்டது. இன்று இருநூறுக்கும் மேற்பட்ட கருப்பு ராபின்கள் இருக்கின்றன. எல்லாம் அந்த ஒரே தாயின் வழிவந்தவை. என் பார்வையில், பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

சரி, தீவில் என்ன செய்வது? எட்டுப் பத்துப் பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெரியவரை அனுப்புங்கள். பத்து வேலை கொடுக்காமல் ஒன்றே ஒன்று கொடுங்கள்: ஓரிடத்தில் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கண்ணில் பட்ட, காதில் கேட்ட பறவைகளை எண்ணுவது. பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, ‘நீண்ட அலகு, இரட்டை விசில்’ என்று எழுதினால் போதும். இதையே முந்தைய வாரம் பள்ளி மைதானத்திலும் செய்திருக்க வேண்டும். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான், இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்ற விவாதம் சூடுபிடிக்கும்.

பாதையை விட்டு விலகாதே என்று சொல்லும்போது காரணத்தையும் சொல்லுங்கள். சில கடற்பறவைகள் மண்ணில் வளை தோண்டிக் குஞ்சு வளர்க்கும். மேலே கால் வைத்தால் வளை இடிந்துவிடும். கூட்டை நெருங்கினால் தாய்ப்பறவை பறந்துவிடும். முட்டை வெயிலில் காயும், அல்லது கடற்காகம் தூக்கிப்போகும். போட்டோவுக்காக நெருங்குவதைக் கண்டிப்பாகத் தடுங்கள். குழுவுக்கு ஒரு பைனாகுலர் இருந்தால் போதும்.

அப்புறம், தேதியை முடிவு செய்யும் முன் சரணாலய அலுவலகத்திடம் கூடு கட்டும் பருவம் எப்போது, ஒரே நாளில் எத்தனை பேரை அனுமதிப்பார்கள் என்று கேட்டுவிடுங்கள். நாற்பது பேர் அதிகம் என்றால் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.