கேள்வி–பதில்: திருட்டுச் செம்பும் பழைய இரும்புக் கடையும்

கேள்வி: எங்கள் தோட்டத்து ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் 100 மீட்டர் கேபிளை இரவோடு இரவாக அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இது மூன்றாவது முறை. புதுக் கேபிளுக்கு 14,000 ரூபாய் ஆயிற்று. புகார் கொடுக்கப் போனால், “பழைய காப்பர்தானே, ஐயாயிரம் தேறாது” என்கிறார்கள். ஆக்ரி (பழைய இரும்பு, தகரம், தாள்) பொறுக்க வருகிறவர்களை ஊருக்குள் விடாமல் தடுத்து, எல்லையின் இரண்டு பக்கமும் இருக்கும் பழைய இரும்புக் கடைகளை மூடினால்தான் இது நிற்கும் என்பது என் கருத்து. தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— ஒரு தென்னை விவசாயி, சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்

பதில்: மூன்று முறை கேபிளை இழந்து, தண்ணீர் பாயாத நாட்களில் வாடும் தென்னையைப் பார்த்துக்கொண்டு நின்றவரின் கோபம் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. அது நியாயமான கோபம். ஆனால் அது விழுகிற இடம் தவறு என்று நினைப்பதால், உங்களோடு உடன்படாததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாலக்காட்டுப் பக்கத்தில் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டும் மிதிவண்டியில் கட்டிக்கொண்டும் ஆக்ரி எடுக்க வருகிறவர்களில் பலர் தமிழர்கள். ஊரில் எது காணாமல் போனாலும் முதல் சந்தேகம் அவர்கள் மேல்தான் விழுகிறது. அவர் தமிழ் பேசுகிறார் என்பதும், அவர் சட்டை அழுக்காக இருக்கிறது என்பதுமே அதற்குப் போதுமான காரணங்களாகிவிடுகின்றன. அதே மொழியை வீட்டில் பேசுகிற நீங்களும் அவரை அப்படிப் பார்ப்பது எனக்கு வருத்தம் தருகிறது. அவர் சாக்கில் இருப்பது பெரும்பாலும் தகரமும் உடைந்த வாளியும் பழைய தாளும்தான். எந்தத் தோட்டத்தில் காவல் இல்லை, எந்த நேரத்தில் மின்சாரம் நிற்கும், அறுத்த கேபிளை எங்கே கொண்டுபோய் எரித்து உறை நீக்குவது, விடிவதற்குள் யாரிடம் தள்ளுவது என்றெல்லாம் தெரிந்து செய்கிற வேலை இது. பகலில் தெருத்தெருவாகக் குரல் கொடுத்து வருகிறவரை ஊர் எல்லையில் தடுப்பதால் அந்த இரவு வேலை ஒரு நாளும் நிற்காது.

கடைகளை மூடுவதும் அப்படித்தான். பழைய இரும்புக் கடை இல்லாவிட்டால் நம் வீடுகளில் சேர்கிற உலோகம் குப்பை மேட்டுக்குத்தான் போகும். உருக்காலைக்கும் வார்ப்பாலைக்கும் மூலப்பொருளாகத் திரும்பிப் போவது இந்தக் கடைகள் வழியாகத்தான். கடை வேண்டும். ஆனால் எதை, யாரிடமிருந்து, எப்போது வாங்கினோம் என்று சொல்லக் கடமைப்பட்ட கடையாக அது இருக்க வேண்டும். இந்தப் பதிலில் நான் வலியுறுத்துவது இதைத்தான்.

அடகுக் கடையை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் 1943-ஆம் ஆண்டிலிருந்தே அடகு பிடிப்போருக்கெனத் தனிச் சட்டம் இருக்கிறது. உரிமம் வேண்டும், கணக்குப் புத்தகம் வேண்டும், பொருளைக் கொடுத்தவருக்குச் சீட்டு கொடுக்க வேண்டும். ஒரு கிராம் மூக்குத்திக்குப் பெயரும் முகவரியும் எழுதப்படுகிற நாட்டில், 50 கிலோ செம்பு எந்தப் பெயரும் இல்லாமல் தராசில் ஏறி இறங்குகிறது. இத்தனைக்கும் பழைய உலோக வணிகத்துக்குச் சட்டமே இல்லாமல் இல்லை. பழைய இரும்பு வணிகர்கள், பயன்படுத்திய பொருள்களை வாங்கி விற்போர், வாகனப் பட்டறை, தகரப் பட்டறை உரிமையாளர்கள் ஆகியோரை ஒழுங்குபடுத்தவும் அவர்களுக்கு உரிமம் வழங்கவும் தமிழ்நாட்டில் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த பழைய இரும்புக் கடை எதிலாவது அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லி யாரேனும் பேரேட்டைக் கேட்டதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

பேரேடு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். செம்பு 1085 டிகிரி செல்சியஸில் உருகும். உருகிய பிறகு அது உங்கள் கிணற்றுக் கேபிளா, மின்வாரியத்தின் மின்மாற்றிச் சுருளா, கோயில் மணியோடு வந்த துண்டா என்று எந்த நீதிமன்றத்திலும் யாராலும் காட்ட முடியாது. ஆகவே திருட்டுக்கும் உலைக்கும் நடுவில் இருக்கிற கடையின் தராசில்தான் பொருள் கடைசியாக அடையாளத்தோடு நிற்கிறது. அங்கே பிடிக்கத் தவறினால் பிறகு பிடிப்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. திருட்டுப் பொருளை வாங்குவது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அதையே வழக்கமாகச் செய்பவருக்கு ஆயுள் தண்டனை வரைகூட விதிக்கலாம். ஆனால் அது திருட்டுப் பொருள் என்று வாங்கியவருக்குத் தெரிந்திருந்தது, அல்லது அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தது என்று காவல்துறை நிறுவ வேண்டும். “யாரோ கொண்டுவந்தார், வாங்கினேன், பெயர் கேட்கவில்லை” என்ற ஒரே வாக்கியம் போதும், வழக்கு அங்கேயே தளர்ந்துவிடும். பெயர் கேட்காததே குற்றம் என்று சட்டம் சொல்லும்போதுதான் அந்த வாக்கியம் பயனற்றுப் போகும்.

இதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. ரயில்வே சொத்துகளைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கு எதிரான 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, திருடப்பட்டது என்று நியாயமாகச் சந்தேகிக்கத்தக்க ரயில்வே பொருள் ஒருவரிடம் இருந்தால், அது முறையாகத் தன்னிடம் வந்தது என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். முதல் குற்றத்துக்கே ஐந்து ஆண்டு வரை சிறை. ரயில்வேயின் பொருளுக்குக் கொடுத்த பாதுகாப்பை விவசாயியின் கிணற்றுக்கும் கிராமத்து மின்மாற்றிக்கும் ஏன் கொடுக்கக் கூடாது என்பதற்கு எனக்கு இதுவரை ஏற்கத்தக்க பதில் கிடைக்கவில்லை.

நான் கேட்பது பெரிய ஏற்பாடு அல்ல. செம்பு, பித்தளை, அலுமினியம், கேபிள், மின்மாற்றிப் பாகம், சாக்கடை மூடி, தண்டவாளத் துண்டு ஆகியவற்றை வாங்கும் எந்தக் கடையும் விற்பவரின் அடையாள அட்டையைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். பொருளைப் படம் எடுத்து வைக்க வேண்டும். வண்டி எண்ணைக் குறிக்க வேண்டும். பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகவோ கைபேசி வழியாகவோ செலுத்த வேண்டும். ஒரு வாரமாவது அந்தப் பொருளை உருக்காமலும் நறுக்காமலும் வந்தபடியே வைத்திருக்க வேண்டும். எரித்து உறை நீக்கிய செம்பை, அதன் மூலத்தைக் காட்டும் சீட்டு இல்லாமல் வாங்கவே கூடாது. அந்த நெகிழி உறை எரியும் புகையின் நஞ்சு வேறு தனியாக இருக்கிறது. வீட்டுத் தகரத்தையும் தாளையும் கொண்டுவரும் ஆக்ரிக்காரருக்கு இவை எதுவும் பொருந்த வேண்டியதில்லை. அவருக்கு உள்ளாட்சி அமைப்பு ஓர் அடையாள அட்டை கொடுத்தால் போதும், அது அவரை ஊராரின் சந்தேகத்திலிருந்தும் காப்பாற்றும்.

ரொக்கத் தடை இவற்றில் மிகவும் வலியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012 டிசம்பரில் பழைய உலோகத்துக்கு ரொக்கம் கொடுப்பதைத் தடை செய்தார்கள். அடுத்த ஆண்டில் உரிமம், அடையாளச் சரிபார்ப்பு, மூன்று ஆண்டுப் பதிவேடு ஆகியவற்றைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. அதன் பின் உலோகத் திருட்டுகள் பெருமளவு குறைந்தன. அதே ஆண்டுகளில் செம்பின் விலையும் இறங்கியது என்பதால் முழுப் பெருமையையும் சட்டத்துக்குக் கொடுத்துவிட முடியாது. முதலில் தெருத்தெருவாகச் சேகரிப்பவர்களுக்கு ரொக்கத் தடையிலிருந்து விலக்கு அளித்திருந்தார்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த விலக்கையும் எடுத்துவிட்டார்கள். அதனால்தான் செம்புக்கு மட்டும் யாருக்கும் விலக்கு வேண்டாம் என்கிறேன்.

“இவ்வளவு எழுத்து வேலை செய்தால் தொழில் நடக்குமா?” என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். 2024 அக்டோபர் 10 முதல், பதிவு பெறாதவரிடமிருந்து பழைய உலோகம் வாங்கும் பதிவு பெற்ற வணிகர், சரக்கு மற்றும் சேவை வரியைத் தாமே செலுத்த வேண்டும்; அதற்காகத் தாமே ரசீதும் எழுத வேண்டும். வரிக்காக எழுதுகிற தாளில் இன்னும் மூன்று விவரங்களைச் சேர்ப்பதால் எந்தக் கடையும் மூடிவிடாது.

இனி உங்கள் ஊருக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று சித்தூரைச் சுற்றி எல்லையைக் கடக்க எத்தனை வழிகள்! 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது வணிக வரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. லாரிகள் நாள்கணக்கில் காத்துக் கிடந்த காலம் போனது நல்லதே. இப்போது 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்குத்தான் இ-வே பில் எனப்படும் மின்னணுப் போக்குவரத்துச் சீட்டு வேண்டும். உங்கள் கேபிள் இரண்டரைச் சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் வகை என்றால், 100 மீட்டரில் ஏறத்தாழ ஆறே முக்கால் கிலோ செம்பு இருக்கும். கிலோ 700 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆறு கிணறுகளின் கேபிள் சேர்ந்தாலும் 40 கிலோ, 28,000 ரூபாய். ஒரு சரக்கு ஆட்டோவின் மூலையில் அது கிடந்தால் கேட்பாரில்லை. கேரளம் மட்டும் கடுமையான விதி கொண்டுவந்தால் பொருள் அரை மணி நேரத்தில் பொள்ளாச்சிப் பக்கம் போகும். தமிழ்நாடு மட்டும் கொண்டுவந்தால் மேற்கே போகும். களியக்காவிளை, செங்கோட்டை, குமுளி எல்லைகளிலும் இதே கதைதான்.

காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிற இத்தகைய பொருளுக்கு அரசமைப்பின் 252-ஆம் பிரிவு வழி காட்டுகிறது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டுக்கொண்டால், அவற்றுக்காக நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது இந்த வழியில்தான். தமிழ்நாடும் கேரளமும் ஒரே வாசகத்தில் தீர்மானம் நிறைவேற்றுவதற்கு இதைவிட எளிய பொருள் கிடைக்காது; இதில் பங்கிட வேண்டிய தண்ணீரோ நிலமோ இல்லை. அதுவரை, இரு மாவட்டக் காவல்துறையும் காணாமல் போன கேபிள், மின்மாற்றி விவரங்களைப் பரிமாறிக்கொண்டு, அன்றன்றே எல்லையோரக் கடைகளுக்கு அனுப்புவதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். நம் தோட்டங்களில் எத்தனை பேர் பழைய இரும்புக் கடையில் பில் இல்லாமல் பாதி விலைக்குக் கேபிளும் மோட்டாரும் வாங்குகிறோம்? அந்தக் கேபிள் எந்தக் கிணற்றிலிருந்து வந்தது என்று கேட்டோமா? கடைக்காரரிடம் பேரேடு கேட்கிற நாம், அதே கடையில் சீட்டில்லாமல் வாங்கக் கூடாது.

உங்கள் புகாரைப் பொறுத்தவரை, “ஐயாயிரம் தேறாது” என்ற பேச்சை ஏற்றுக்கொள்ளாதீர்கள். புதிய குற்றவியல் சட்டத்தில் 5,000 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள பொருளைத் திருடினால், குற்றவியல் நடுவரின் ஆணை இல்லாமல் காவல்துறை புலனாய்வு செய்ய முடியாத வகையில் அது சேர்ந்துவிடுகிறது; அந்தத் தொகை வாயில் வருவதன் பொருள் இதுதான். பழைய செம்பின் எடை மதிப்பைச் சொல்லாமல், கேபிளாக அதன் மதிப்பை எழுதி, வாங்கிய பில்லின் நகலை இணையுங்கள். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 136-ஆம் பிரிவு, உரிமதாரர் அல்லது உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் மின்வழியை, அதாவது மின்சாரம் கொண்டுசெல்லும் கம்பியை, அறுப்பதையும் அகற்றுவதையும் குற்றமாக்குகிறது. மின்வழி என்பதற்கு அந்தச் சட்டம் கொடுக்கும் பொருள் விரிவானது. அந்தக் குற்றம் பிணையில் விட முடியாதது, காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கத்தக்கது; ஆகவே அந்தப் பிரிவையும் சேர்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். பொருள் தமிழ்நாட்டுப் பக்கம் விற்கப்பட்டதாகத் தெரிந்தால், எல்லையைக் காரணம் காட்டி உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. பதிவான அறிக்கையின் நகலை உங்களுக்குக் கட்டணமில்லாமல் கொடுக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. முன்பு நடந்த இரண்டு திருட்டுகளின் தேதிகளையும் அதே புகாரில் எழுதுங்கள்.